ஒன்பதாவது சுறாப்பல்

அத்தியாயம் ஆறு

வல்லிபுரத்தாரின் வீட்டில் அவருடைய பெயர் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. கேற்றில் ஒன்று, தபால் பெட்டியில் ஒன்று, கராஜுக்கு மேலே புதிதாகத் தொங்கவிட்ட பலகையில் ஒன்று. பலகையில் இருந்ததுதான் பெரியது: ‘ஆய்வுச் செம்மல் வல்லிபுரம் தொல்பொருள் மண்டபம்.’ போன மாதம் வரைக்கும் அந்த மண்டபத்தில் ஓடாத கார் ஒன்று நின்றது. தரையில் ஒயில் கறை இன்னும் போகவில்லை.

“நாய்க்கு மட்டும் இவர்ட பேர எழுதல்ல,” என்றேன்.

“நாய் விட்டிருக்காது,” என்றார் யசோதினி அக்கா.

யசோதினி அக்கா பதினேழு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கை பிடித்தவர். எரியாத கடை எரிந்தது, சாகாத மாடு செத்தது என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது நல்ல அபிப்பிராயம் இல்லை. இப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் அஸ்கர். அவருடைய உதவியாளனும் த்ரீவீல் சாரதியும் நானே. வண்டி லீசிங்கில் எடுத்தது, வாய் மட்டும் சொந்தம்.

வண்டியின் பின் சீட்டில், ஒரு சாக்குச் சிப்பியோடு, எங்கள் கட்சிக்காரி கைறுன்னிஸா ராத்தா இருந்தார். ஓட்டமாவடிப் பக்கத்தவர், ஐம்பத்திரண்டு வயது. விடியற்காலையில் வாகரைக் கரையில் நடந்து சிப்பி, சோகி, சுறாப்பல் பொறுக்குவார். சுண்ணாம்பில் ஊறவைத்து நாற்றம் போக்கி, வெளுக்கவைத்து, கடற்கரை ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகளுக்கு விற்பார். ஏழு ஹோட்டல், ஏழு கேற். அந்த ஏழும் இப்போது அவருக்குப் பூட்டு. காரணம், வல்லிபுரத்தாரின் ‘தொல்பொருள் மண்டபத்தில்’ கல் திருடியவள் என்று அவர்மேல் பொலிஸ் முறைப்பாடு. திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை.

வரும் வழியில் அக்கா அவரைக் கதையை இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

“நாலு வருஷத்துக்கு முந்தி, மாரி ஓய்ஞ்ச கையோட, முகத்துவாரத்து மண்திட்டியில பத்தும் ஒரே இடத்தில கிடந்திச்சு,” என்றார் ராத்தா. “முக்கோணமா, ஓரமெல்லாம் வாள் மாதிரி. சுறாப்பல்லுதான் எண்டு நெனச்சன். சுறாப்பல்லுக்கு அடியில ரெண்டு கால் இருக்கும். இதுக்கு இல்ல. உடைஞ்சு போயிருக்கும் எண்டு விட்டுட்டன்.”

“மறுகா?”

“மறுகா என்ன? மத்தப் பல்லுகளோட சுண்ணாம்புப் பானைக்குள்ள போட்டன். பல்லெண்டா ஒரு மாசத்தில வெளுக்கும். இந்த நாசமாப் போனது நாலு வருஷம் கிடந்தும் வெளுக்கல்ல. மேல வெள்ள ஒட்டினதே ஒழிய உள்ளுக்கு அதே நிறம்தான். அப்பதான் இது கல்லெண்டு விளங்கினது. படிச்ச மனிசன் எண்டு போன நவம்பர்ல இவருக்கிட்டக் கொண்டு போனன்.”

“பத்தையுமா?”

“ஒன்பது. ஒண்டு பானைக்கு அடியில கிடந்து பிந்தித்தான் கையில பட்டது. ‘பாத்துச் சொல்லுறன், போ’ எண்டார். பெப்ரவரியில போய்க் கேட்டா, ‘எந்தக் கல்லு, நீ ஆர்’ எண்டார். கையில இருந்த பத்தாவதக் காட்டினன். அதக் களவெடுத்த எண்டு உடன பொலிசுக்குப் போன் அடிச்சார்.”

“நல்ல மனிசன்,” என்றேன். “குடிக்கத் தண்ணி கேட்டிருந்தா கிணத்தக் களவெடுத்த எண்டு சொல்லியிருப்பார்.”

அந்தக் கற்கள் என்னவென்று அக்கா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். இரும்பு தெரியாத காலத்து வேட்டைக்காரர்கள் கல்லைத் தட்டித் தட்டிச் செதில் எடுத்து, தடியின் நுனியில் கட்டி எறிந்த முனைகள். ஓரத்தில் பல்லுப் பல்லாக இருப்பது மனிதனின் கைவேலை. சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கரையில் சாமான் பொறுக்குகிற எவர் பார்த்தாலும் முதலில் சுறாப்பல் என்றுதான் நினைப்பார்.

“ஒன்பதுல அடையாளம் சொல்லக்கூடியது ஏதும் இருக்கா ராத்தா?” என்று அக்கா கேட்டார்.

“ஒண்டு கற்கண்டு மாதிரி. வெயிலுக்குப் பிடிச்சா உள்ளுக்குள்ள முடி மாதிரி ஒரு கறுத்தக் கோடு தெரியும். பொலிசிலயும் சொன்னன். எழுதி வச்சிருக்காங்க.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு, கச்சான் கடலைச் சரையைப் பிரித்துக் கொறிக்கத் தொடங்கினார். அவர் கச்சான் கொறித்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். என்ன யோசிக்கிறார் என்று எனக்குச் சொல்லும் வழக்கம் இல்லை.

கேற்றடியில் நின்ற ஒரு தொண்டர் ராத்தாவை உள்ளே விடவில்லை. அக்காவையும் என்னையும் மட்டும் விட்டார். நான் போட்டிருந்த ஷர்ட்டைப் பார்த்து என்னை விடுவதற்கும் கொஞ்சம் யோசித்தார்.

வாசலில் நிறைகுடம் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர், வருகிறவர்களுக்குத் தெளிக்க. வல்லிபுரத்தாரின் அக்கா கண்ணகை மாமி அதில் கொஞ்சத்தை ஆலத்தித் தட்டில் ஊற்றி, வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை விரலால் வழித்துக் கலக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர் தட்டுக்குள் சிவந்தது. யசோதினி அக்கா அதைப் பார்த்துக்கொண்டு தேவைக்கு மேலே நின்றார்.

“அக்கா, நமக்கெல்லாம் ஆலத்தி எடுக்க மாட்டாங்க. வாங்க.”

“எனக்கு ஆலத்தி வேணாம். மஞ்சள் தண்ணி போதும்,” என்றார்.

உள்ளே இருபது பேர் இருந்தார்கள். இருபது பேருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தவர் வல்லிபுரத்தாரின் மருமகள் கம்சாயினி. புதுப்பெண், பட்டுச்சேலை, தங்கம் கட்டிய வெள்ளைக்கல் பதக்கம், உதட்டில் சிரிப்பு. அந்த வீட்டில் உண்மையாகச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். முன் வரிசையில் பாறூக் சாஜன் பொலிஸ் உடுப்போடு இருந்தார். ராத்தாவின் வாக்குமூலத்தை எழுதியவர் அவர். பத்தாவது கல் அவருடைய நிலையத்தில் தடயப் பொருளாக இருக்கிறது.

நடுவில் கண்ணாடிப் பெட்டி. சிவப்பு வெல்வெற்றில் ஒன்பது கல்முனைகள், ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. எல்லாவற்றின்மேலும் வெள்ளையாக ஏதோ படிந்து, அதற்கு மேல் ஒரு பளபளப்பு. கீழே அட்டை: ‘கண்டெடுத்தவர்: ஆய்வுச் செம்மல் வல்லிபுரம். மேலே காணப்படுவது ஆயிரமாயிரம் ஆண்டுகளின் கடலுப்புப் படலம்.’

வல்லிபுரத்தார் பொன்னாடையோடு வந்து நின்றார். பொன்னாடையை அவரே வாங்கி, அவரே ஒருவரிடம் கொடுத்து, அந்த ஆளைக் கொண்டே தனக்குப் போர்த்திக்கொண்டார். இதை நான் கண்ணால் கண்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு வங்கியில் முகாமையாளராக இருந்தவர். இப்போதும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத்தான் எல்லோரையும் பார்ப்பார், கதிரையில் இருக்கச் சொல்ல மாட்டார்.

“அன்பர்களே, இக்கற்கள் பேசுகின்றன!” என்று தொடங்கினார். கற்கள் பேசவில்லை. நாற்பது நிமிடம் அவர்தான் பேசினார். “கடலன்னையின் மடியிலிருந்து எடுத்த அன்றே, வெளிநாட்டுப் பாதுகாப்புப் பூச்சொன்றை இட்டேன். நீரில் கழுவக்கூட இல்லை. கழுவினால் காலத்தின் தடம் அழிந்துவிடும் அல்லவா? அன்று தொட்டு இன்று வரை என் விரல்களைத் தவிர எந்த விரலும் இவற்றைத் தீண்டியதில்லை.”

அக்கா கச்சான் சரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எனக்கு உற்சாகம் பிறந்தது. ஏனென்றால் என்னிடமும் ஒரு துருப்பு இருந்தது. வாசலில் விற்ற அவருடைய சிறு புத்தகத்தை நான் வாங்கியிருந்தேன். இலவசம் என்றாலும் எடுக்கத் தயங்கியிருப்பேன், தொழிலுக்காக வாங்கினேன்.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்று எழும்பினேன். “இதுல எழுதியிருக்கு, ஜனவரி ஒன்பது விடியக்காலம் தென் கரையில இருந்து வட கரை மட்டும் முகத்துவாரத்து மணல்திட்டில தனிய நடந்து இந்தக் கல்லுகளப் பொறுக்கினன் எண்டு.”

“ஆம் தம்பி. அந்நடை என் வாழ்வின் திருப்புமுனை.”

“எட்டாம் தேதி பின்னேரம் அந்தத் திட்டிய வெட்டினவங்க. வயல் வட்டையெல்லாம் வெள்ளத்தில மூழ்கப் பாத்து, வெள்ளாமைக்காரர் பெக்கோ மிசின் கொண்டு வந்து வெட்டி, ஆத்துத் தண்ணியக் கடலுக்கு விட்டவங்க. நான் அங்க நிண்டனான். பெக்கோக்காரனுக்கு பிளேன்ரி வாங்கிக் குடுத்ததும் நான்தான். ஒன்பதாம் தேதி நீங்க அதுல நடந்தீங்க எண்டா தண்ணிக்கு மேலதான் நடந்திருக்கணும்.”

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன், பாராட்டை எதிர்பார்த்து. அக்கா வல்லிபுரத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லிபுரத்தாரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பழையபடி விரிந்தது. வங்கியில் எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்ன முகம் அது, லேசில் விழாது.

“அச்சகத்தாரின் பிழை. ஒன்பது அல்ல, இருபத்தொன்பது. அதற்குள் கடல் மண்ணைக் கொண்டுவந்து திட்டை மீண்டும் மூடிவிட்டது. சாஜன் ஐயா, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு உதவும். ஜனவரி இருபத்தொன்பது.”

சாஜன் கொப்பியை எடுத்து எழுதினார்.

“இருபத்தொன்பதுதானா ஐயா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் யசோதினி அக்கா.

“இருபத்தொன்பது. என் மூளையில் கல்வெட்டு.”

நான் உட்கார்ந்தேன். என்னுடைய துருப்பு என் கையிலேயே நொறுங்கிப் போனது. அந்த மனிதருக்கு வெட்கமும் இல்லை, வியர்வையும் இல்லை.

“அப்ப ஒரு சின்ன உதவி,” என்று அக்கா எழும்பினார். “நான் கைறுன்னிஸாவுக்காக வந்தவள். சாஜன் இருக்கக்கொள்ளவே சொல்லுறன். நீங்க சொன்ன மாதிரி உங்கட பூச்சுக்கு அடியில இருக்கிறது கடலுப்பு மட்டும் எண்டா, திங்கக்கிழமை வரைக்கும் போகத் தேவையில்ல. குற்றத்த ஒப்புக்கொள்ளச் சொல்லி நானே அவவுக்குச் சொல்லுறன். ஒரு கல்லில மட்டும் பூச்ச எடுத்துப் பாப்பமா?”

வல்லிபுரத்தாரின் கண் பளிச்சிட்டது.

“ஒன்றென்ன, ஒன்பதிலும் பாருங்கள்! அந்தப் பெண்ணையும் அழைத்து வாருங்கள். தன் கண்ணால் காணட்டும்.”

ராத்தா சாக்கை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். சபை மூக்கைச் சுளித்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போய்க் குனிந்தார். ஒரு தரம்தான் பார்த்தார்.

“எட்டுத்தான் என்ட. அந்த ஓரத்தில இருக்கிறது கல்லில்ல, போத்தல் ஓடு. கடல்ல தேஞ்சதுகூட இல்ல, ஆரோ அராவினது.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வல்லிபுரத்தார் கண்ணீர் வரச் சிரித்தார். “படிகக் கல்லுக்கும் போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தி! இவள்தான் வரலாற்றைக் கண்டெடுத்தவளாம்!”

இருபது படித்தவர்கள் ஒரு சிப்பிக்காரியைப் பார்த்து இப்படிச் சிரித்ததை நான் மறக்க மாட்டேன். நாலு தலைமுறை கடல் துப்பிய சாமானைத் தரம் பிரித்தவர்களின் மகள் அவர். சிரித்தவர்களுக்குக் கருவாட்டையும் கட்டாப் பாரையையும் பிரித்தறியத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

“பூச்ச எப்பிடி எடுக்கிற?” என்று அக்கா கேட்டார்.

“அது இலேசில் அகலாது. வெளிநாட்டு இரசாயனம்—”

“மாமா, அது என்ட கியூடெக்ஸ்தானே,” என்றார் கம்சாயினி வெள்ளை மனதோடு. “நிறமில்லாதது. அரைப் போத்தல முடிச்சிட்டீங்க. நிண்டுகொள்ளுங்க அக்கா, நகப்பூச்சு அழிக்கிறது அறையில இருக்கு, எடுத்திட்டு வாறன்.”

பிள்ளை உள்ளே ஓடியது. வெளிநாட்டுப் பாதுகாப்புப் பூச்சைப் பற்றி வல்லிபுரத்தார் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அக்கா கண்ணகை மாமியிடம் ஒரு வெள்ளைப் பீங்கானும் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் கேட்டார். பீங்கானில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். குசினியிலிருந்து ஒரு பிடி உப்பு வந்தது. அதைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது.

“உப்புப் போட்டா மஞ்சள் மாறாது. சரிதானே மாமி?”

“அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்,” என்றார் மாமி.

கம்சாயினி கொண்டுவந்த திரவத்தைப் பஞ்சில் நனைத்து, முதல் கல்லின் மேலிருந்த பூச்சை அக்கா துடைத்தெடுத்தார். துடைத்த கல்லைப் பீங்கானில் போட்டார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கல்லைச் சுற்றி ஒரு வளையம் கிளம்பியது. முதலில் செம்மஞ்சள், பிறகு சிவப்பு. ஓரத்துப் பல்லுகளுக்கு இடையில் இருந்து சிவப்பு இழை இழையாக இறங்கியது.

கண்ணகை மாமி கன்னத்தில் கை வைத்தார். “இது சுண்ணாம்பெல்லோ! தம்பி, உப்பெண்டு எழுதி வச்சிருக்கிற?”

இரண்டாவது கல் சிவந்தது. மூன்றாவது சிவந்தது. எட்டும் சிவந்தன. பீங்கானைப் பார்த்தால் இன்னொரு ஆலத்தி எடுக்கலாம் போல இருந்தது.

“நாலு வருஷம் சுண்ணாம்புப் பானைக்குள்ள கிடந்த கல்லு,” என்றார் அக்கா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். “காத்துப் படாம, கழுவுப்படாம, இந்தப் பெரிய மனிசன் கியூடெக்ஸ் பூசிப் பத்திரமாப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். கடல்ல சுண்ணாம்புப் பானை இல்ல. எடுத்த அன்றே பூசினன், வேற விரல் படல்ல எண்டு சொன்னதும் இவர்தான்.”

எனக்கு எழும்பிக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அதற்குள் வல்லிபுரத்தார் பாய்ந்து ஒன்பதாவது கல்லை எடுத்து, தானே பஞ்சால் தேய்த்து, புதிய மஞ்சள் தண்ணீரில் போட்டார்.

சிவக்கவில்லை.

“பாருங்கள்!” என்று கத்தினார். “பாருங்கள் சாஜன் ஐயா! இது சிவக்கவில்லை! மற்றவற்றில் எங்கோ வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும், வீட்டில் விசேஷம். இது தூய கடற்கல். இதைக் கண்டவன் மற்றதையும் கண்டவன்தானே?”

தலைகள் ஆடத் தொடங்கின. ஆட்டுவதற்குத்தான் அந்தத் தலைகளை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். சாஜன் நெற்றியைச் சொறிந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து அந்த ஒன்பதாவதை எடுத்து மூக்கருகில் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“அஸ்கர், மணந்து சொல்லு.”

மணந்தேன். “முகப் பவுடர். மல்லிகை வாசம்.”

“வேட்டைக்காரன் மேக்கப் போட்டிருக்கிறான்,” என்றார் அக்கா. “மத்த எட்டிலயும் வெள்ளை இருந்ததால இதுலயும் வெள்ளை வேணுமே. பவுடர் அப்பி மேல கியூடெக்ஸ். உள்ள இருக்கிறது ராத்தா சொன்ன போத்தல் ஓடு. சிரிச்ச ஆக்கள் இன்னொருக்காச் சிரிக்கலாம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஒன்பதெண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒண்டு கையை விட்டுப் போயிட்டுது. அதால ஒண்டு செய்ய வேண்டி வந்திட்டுது. அப்ப உண்மையான ஒன்பதாவது எங்க?”

வல்லிபுரத்தாரின் கண் பதில் சொன்னது. அது அரை நொடி கம்சாயினியின் பக்கம் போய்த் திரும்பியது. கம்சாயினி நகப்பூச்சுப் போத்தலை எடுக்க மேசைக்குக் குனிந்தார். பதக்கம் சேலைக்கு வெளியே சரிந்து, பீங்கானுக்கு மேலே தொங்கியது. யன்னல் வெயில் அதற்குள் போய் நின்றது.

ராத்தா கையை நீட்டவில்லை. விரலால் மட்டும் காட்டினார்.

“மகள், அதத்தான் நான் கற்கண்டு எண்டன்.”

சாஜன் எழும்பி வந்தார். பதக்கத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். கொப்பியில் பழைய பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தைத் தானே வாசித்தார்: “‘கற்கண்டு போன்றது. உட்புறத்தே முடி போன்ற கறுப்புக் கோடு.’ இருக்கு. அப்படியே இருக்கு.”

“ஓம், இந்த முடியாலதான் நான் முதல்ல வேணாம் எண்டன்,” என்றார் கம்சாயினி. “மாமாதான் பழங்காலத்துக் கல்லு, ராசி எண்டு தங்கத்தில கட்டித் தந்தவர்.”

“எப்ப தந்தவர் தங்கச்சி?” அக்கா மிக மெதுவாகக் கேட்டார்.

“தைப்பொங்கலுக்கு. பொங்கிப் படைச்ச கையோட. போட்டோவும் இருக்கு.”

அக்கா சாஜனைப் பார்த்தார். சாஜன் கொப்பியைப் பார்த்தார்.

“பொங்கல் ஜனவரி பதினைஞ்சு,” என்றார் சாஜன். “ஐயா கல்லக் கண்டெடுத்தது இருபத்தொன்பது. ஐயாட மூளையில கல்வெட்டு. நான் எழுதியும் வச்சிருக்கன்.”

ஒன்பது என்றே விட்டிருந்தால் தப்பியிருக்கலாம். என்னுடைய தண்ணீர்க் கதைக்குப் பயந்து இருபது நாள் தள்ளி ஓடிப் போய் அவரே குழியில் விழுந்தார். என் துருப்பு நொறுங்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு அது முதலே விளங்கியிருக்கிறது. சொல்லாமல் கச்சான் கொறித்த பெண்மணி.

வல்லிபுரத்தாரின் மேடைத் தமிழ் கழன்று விழுந்தது. “சாஜன்... இது... நான் பாதுகாக்கத்தானே... இவளுக்கிட்ட இருந்திருந்தா சுண்ணாம்புக்குள்ளயே கிடந்து அழிஞ்சிருக்கும். நான் இல்லாட்டி இது கல்முனை எண்டு ஆருக்குத் தெரியும்? இவ சுறாப்பல்லெண்டு வித்திருப்பா!”

“ஓம், சுறாப்பல்லெண்டுதான் நெனச்சன்,” என்றார் ராத்தா. “பிழையா நெனச்சன். ஆனா என்ட எண்டுதான் நெனச்சன், மத்தவங்கட எண்டு தெரிஞ்சா எடுக்க மாட்டன்.”

கம்சாயினி சங்கிலியைக் கழற்றிப் பதக்கத்தை மேசையில் வைத்தார். அப்போது அவர் மாமனாரைப் பார்த்த குளிர்ப் பார்வைக்கு இந்தப் பொன்னாடை போதாது, போர்வை வேண்டும். கண்ணகை மாமி ஆலத்தித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விருந்தினர் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். மேடைப் பேச்சைக் கேட்க நாற்பது நிமிடம் இருந்தவர்கள் செருப்பைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் எடுக்கவில்லை.

சாஜன் எல்லாக் கற்களையும் ஒரு கடதாசி உறையில் போட்டு ஒட்டினார். “இதெல்லாம் அரசாங்கத்துக்குப் போகவேணும். கண்டெடுத்தவர் கைறுன்னிஸா எண்டு எழுதிக் குடுப்பன். ஐயா இப்ப என்னோட வந்து முறைப்பாடு பொய்யெண்டு எழுதித் தருவார். திங்கக்கிழமை கோட்டில நான் அத வைப்பன்.”

“இரண்டு பேரின் பெயரையும் போடலாமே,” என்றார் வல்லிபுரத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் கேட்டார்.

ராத்தா அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“கல்லு எனக்கு வேணாம். பேரும் வேணாம். எனக்கு ஏழு கேற்று வேணும். கள்ளி எண்டு நீங்க சொன்னத்த அந்த ஏழு கேற்றும் கேட்டிச்சு. கள்ளியில்ல எண்டும் உங்கட வாயாலதான் கேக்கணும். ஒவ்வொரு கேற்றிலயும்.”

“பொலிசுக்குப் பின்னேரம் வந்தாலும் பரவாயில்ல ஐயா,” என்றார் சாஜன், கொப்பியை மூடிக்கொண்டு.

வல்லிபுரத்தாருக்கு என் த்ரீவீலில் ஏறத் தெரியவில்லை. பொன்னாடை கம்பியில் மாட்டியது. பின் சீட்டில் ஒரு பக்கம் ராத்தா, மறு பக்கம் அக்கா, நடுவில் சிப்பிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர். கழுவாத சிப்பி. வெயில் ஏற ஏற அதற்கென்று ஒரு வாசம் உண்டு. நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன்.

முதலாவது ஹோட்டல் கேற்றில் காவலாளி ராத்தாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். பிறகு சாக்கோடு இருந்த மனிதரைப் பார்த்தான்.

“இவர் ஆர்?”

“என்னோட வந்தவர்,” என்றார் ராத்தா. “உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணுமாம்.”

வல்லிபுரத்தார் வாயைத் திறந்து ஏதோ முணுமுணுத்தார்.

“விளங்கல்ல,” என்றான் காவலாளி. “மிசின் சத்தம்.”

நான் எஞ்சினை நிறுத்தினேன். கடற்கரைக் காற்று மட்டும் கேட்டது. வல்லிபுரத்தார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இம்முறை உள்ளே நீச்சல் தடாகத்தடியில் படுத்திருந்த வெள்ளைக்காரரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

காவலாளி கேற்றைத் திறந்து ராத்தாவுக்கு வழி விட்டான். ராத்தா உள்ளே போகவில்லை.

“விற்க நாளைக்கு வாறன்,” என்றார் அவனிடம். பிறகு என் தோளில் தட்டினார். “எடு தம்பி. இன்னும் ஆறு கிடக்கு.”